ஓசூரில் ஊசல் ஏன் தாமதிக்கிறது?

சென்னையில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை ஓசூருக்குக் கொண்டுவந்து மாட்டினால், கணக்குப்படி நாளொன்றுக்குச் சுமார் 10 வினாடி பின்தங்கும். பழுது ஒன்றுமில்லை, பழுதுபார்ப்பவரிடம் ஓட வேண்டாம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. பூமியின் மையத்திலிருந்து தொலைவு கூடுவதால் ஈர்ப்பு சற்றே குறைகிறது; ஊசல் மெதுவாக ஆடுகிறது. ஒரு மீட்டர் நீள ஊசலானால், குண்டைக் கால் மில்லிமீட்டர் உயர்த்தினால் போதும்.

1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார் பாரிசிலிருந்து நிலநடுக்கோட்டருகே உள்ள கேயென் சென்றார். அங்கு அவரது ஊசல் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அதுவோ கடலோர ஊர்! பூமி சுழல்வதும் நடுவில் புடைத்திருப்பதுமே காரணம் என்று பின்னர் நியூட்டன் விளக்கினார்.

அப்படியானால் ஓசூர் மளிகைக்கடைத் தராசில் அரிசியின் எடை குறையுமா? குறையாது. மறுதட்டிலுள்ள எடைக்கல்லும் அதே விகிதத்தில் லேசாகிறதே! வில்தராசு மட்டும், அது மிக நுட்பமானதாக இருந்தால், 50 கிலோ மூட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் குறைத்துக் காட்டும்.

ஓசூரிலுள்ள டைட்டன் தொழிற்சாலையின் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்வது தன் மீள்தன்மையால், புவியீர்ப்பால் அன்று.