பெட்டியில் எண் தானாக மாறுவது எப்படி?

கேள்வி: கணினி பில்லில் ஒரு பொருளின் விலையைத் திருத்தினால் வரி, மொத்தம் எல்லாம் உடனே மாறிவிடுகின்றன. 'டேட்டா பைண்டிங்' என்கிறார்களே, இதை முதலில் செய்தது யார்?

பதில்: ஒரே ஒருவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. இதன் வேர் கணக்கில் இல்லை, படம் வரைவதில் இருக்கிறது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் இரண்டு கோடுகள் போட்டு, அவை இணையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தால் போதும், நிறைவேற்றுவது கணினியின் பொறுப்பு.

1979-இல் இரண்டு தாவல்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த நார்வேக்காரர் ட்ரிக்வே ரீன்ஸ்காக், தரவு வேறு, அதைக் காட்டும் திரை வேறு என்று பிரித்தார். அதே ஆண்டு டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் II கணினிக்கு 'விசிகால்க்' கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் எண் மாறினால், அதை நம்பியிருந்த கட்டங்களும் மாறின.

சாதாரண நிரலாளர் கைக்கு இது வந்தது 1993-இல், விஷுவல் பேசிக் 3 என்ற நிரலாக்கக் கருவி மூலமாக. நான்கு அம்புக்குறிகள் கொண்ட 'டேட்டா கன்ட்ரோல்' ஒன்றைப் படிவத்தில் வைத்து, எந்தத் தரவுத்தளம், எந்த அட்டவணை என்று அதற்குச் சொல்ல வேண்டும். பிறகு டெக்ஸ்ட் பாக்ஸின் பண்புகளில் அந்தக் கன்ட்ரோலின் பெயரையும் புலத்தின் பெயரையும் குறித்தால் முடிந்தது. அம்பை அழுத்த அழுத்த அடுத்தடுத்த பதிவுகள் வந்து நிற்கும், ஒரு வரி நிரல்கூட எழுதாமல்! ஆனால் தவறாகத் திருத்திவிட்டு அம்பை அழுத்தினாலும் அந்தத் தவறு சத்தமில்லாமல் சேமிக்கப்பட்டுவிடும். தடுக்க நினைத்தவர்கள் அதற்கென்று நிரல் எழுத வேண்டியிருந்தது.

திரைகளை உருவாக்குவதற்காக 2006-இல் வந்த மைக்ரோசாஃப்டின் டபிள்யூ.பி.எஃப். தொகுப்பில் இந்த இணைப்பு தரவுத்தளத்தைத் தாண்டி, நிரலுக்குள் இருக்கும் எந்தப் பொருளோடும் (ஆப்ஜெக்ட்) அமையலாம். ஒரே ஒரு நிபந்தனை: 'என் மதிப்பு மாறிவிட்டது' என்று அந்தப் பொருள் அறிவிக்க வேண்டும். அறிவிக்க மறந்தால், உள்ளே புது விலை இருக்கும், திரையில் பழைய விலையே நிற்கும்.

கேள்வி: 'இன்னொரு பொருள் சேர்' என்றதும் திரையில் புதுப் பெட்டி முளைக்கிறதே, அது எப்படி?

பதில்: விஷுவல் பேசிக்கில் ஒரு பெட்டியை முன்கூட்டியே வைத்து, நிரல் ஓடும்போது 'லோட்' கட்டளையால் அதை நகலெடுப்பார்கள். நகல் மூலப் பெட்டி இருக்கும் அதே இடத்தில்தான் பிறக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். இடம் மாற்றி, 'விசிபிள்' பண்பை 'ட்ரூ' ஆக்கினால்தான் தெரியும். புதிதாகப் படித்தவர்கள் 'லோட்' வேலை செய்யவில்லை என்று குழம்பியது இதனால்தான். 1998-இல் வந்த ஆறாம் பதிப்பில் மூலப் பெட்டியே இல்லாமலும் புதிதாகச் சேர்க்க முடிந்தது.

டபிள்யூ.பி.எஃப்.பில் பெட்டியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு வரிசை எப்படித் தோன்ற வேண்டும் என்று வார்ப்பு ஒன்று கொடுத்து, பட்டியலோடு இணைத்துவிடுவார்கள். பட்டியலில் பத்துப் பொருள் இருந்தால் திரையில் பத்து வரிசை, ஒன்றை நீக்கினால் ஒன்பது. ஆக, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் இன்று பதில் ஒன்றுதான்: நிரலாளர் தரவை மாற்றுகிறார், திரை அதைப் பின்பற்றுகிறது.