தடுப்பூசியும் ஐந்தாம் கற்பனையும்



"கொரோனா திரும்பவும் கிளம்பிவிட்டதாமே!" என்ற பேச்சு கடைவீதியிலும் கடற்கரையிலும் அவ்வப்போது எழுகிறது. 2023 டிசம்பரில் எழுந்தது. 2025 மே, ஜூன் மாதங்களிலும் எழுந்தது. இனி எழாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அவ்வேளைகளில் நம்மிடையே இரு வகையினரைக் காண்கிறோம். ஒரு சாரார் கேட்ட வதந்தியையெல்லாம் நம்பி நடுங்குகிறார்கள். மற்றொரு சாரார், "நமக்கு ஒன்றும் வராது" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவன் இவ்விரண்டு சாராரிலும் சேரலாகாது. நோய் வருமுன் காத்துக்கொள்வது வைத்தியருடைய காரியம் மட்டுமன்று, அது நம் பிறசிநேகக் கடமையுமாகும் என்பதே இவ்வாரப் பாடம்.

1. கற்பனை நம்மிடம் கேட்பது என்ன?

ஐந்தாம் கற்பனை கொலையை மட்டும் விலக்குகிறது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. சர்வேசுரன் நமக்குத் தந்த உயிரையும், நம் புறத்தியாருடைய உயிரையும் தக்கபடி பேணிக் காக்கவும் அதே கற்பனை கட்டளையிடுகிறது. உயிருக்கு நாம் எசமான்கள் அல்ல, காவற்காரர்களே. ஓட்டையுள்ள தோணி என்று தெரிந்தும், அதைச் சரிசெய்யாமல் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற தண்டல் குற்றமற்றவன் ஆவானா? அவன் ஒருவரையும் கொல்ல நினைக்கவில்லைதான். ஆயினும் அவனுடைய அசட்டையினால் பத்துக் குடும்பம் அழும். தொற்றுநோயும் அத்தகையதே. ஒருவனுடைய அசட்டை அவனோடு நிற்பதில்லை. வீட்டிலிருக்கும் பாட்டியையும், கைக்குழந்தையையும், கர்ப்பிணியையும் எட்டுகிறது.

2. "ஆண்டவர் காப்பார்" என்று இருந்துவிடலாமா?

ஆண்டவர் காப்பார் என்பது மெய்யான விசுவாசம். ஆனால் அவர் எவ்விதமாய்க் காக்கிறார் என்பதையும் அறிய வேண்டும். நம் கடற்கரையில் முத்துச் சலாபம் நடந்த காலங்களை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-ம் ஆண்டில் நடந்தது. குளிகாரர் சிலுவை அடையாளம் வரைந்து, மாதாவை வேண்டிக்கொண்டுதான் கடலில் இறங்கினார். அதற்காக இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டாரா? இல்லையே! தோணியில் கயிறு பிடிக்க நம்பகமான ஆளையும் நிறுத்தினார். மைத்துனர்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று பெரியோர் சொல்வதும் இதற்காகவே. தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் கயிற்றை விடுவான்? ஜெபமும் வேண்டும், கயிறும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு விரோதமல்ல.

தேவாலயத்து உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு சேசுநாதரைத் தூண்டியபோது, சர்வேசுரனைச் சோதிக்கலாகாது என்று அவர் அதை விரட்டினார். மருந்தை வேண்டுமென்றே தள்ளிவிட்டுப் புதுமையைக் கேட்பதும் அவ்விதச் சோதனையே. வைத்தியரை மதிக்கும்படியும், மருந்துகளை உண்டாக்கினவர் ஆண்டவரே என்றும் சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. நம் ஊர்ச் சரித்திரமும் இதற்குச் சாட்சி. அர்ச். சவேரியாருக்குப் பின் இக்கடற்கரையில் உழைத்த அண்டிரிக் அடிகளார், 16-ம் நூற்றாண்டிலேயே புன்னைக்காயலில் ஏழைகளுக்கு வைத்தியசாலை நடத்தினார். ஞானோபதேசம் கற்பித்த அதே கை நோயாளிகளையும் பராமரித்தது.

3. துறைமுகம் கற்ற பாடம்

கடல் வழியாகப் பொருள் வருவதுபோல நோயும் வரும் என்பதைத் துறைமுக ஜனங்கள் பண்டுதொட்டே அறிவார்கள். வெனிஸ் நகரத்தார் அந்நியக் கப்பல்களை 40 நாள் ஒதுக்கி நிறுத்தினார்கள். நாற்பது என்பதற்கான அந்நாட்டுச் சொல்லிலிருந்தே 'குவாரன்டைன்' என்ற பெயர் வந்தது. இன்றும் அயல்நாட்டிலிருந்து வரும் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி, "எங்கள் கப்பலில் நோயில்லை, உள்ளே வர உத்தரவு வேண்டும்" என்று தெரிவிப்பது கடல் வழக்கம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் துறை வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரைத் தட்டப்பாறை முகாமில் சில நாள் நிறுத்திவைத்த பிறகே கப்பலேற்றினார்கள். பின்னர் மண்டபம் முகாம் அதற்காக ஏற்பட்டது.

நம் பங்குகளிலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் வாலிபர்களைக் கேளுங்கள். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் துறைகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் பதிந்து வைத்திருப்பார்கள். சம்பளத்துக்காகத் தயங்காமல் கை நீட்டுகிற நாம், வீட்டிலிருக்கும் வயோதிபத் தாய்க்காகத் தயங்குவது நியாயமா?

4. அம்மைப்பால் செய்த உபகாரம்

1796-ம் ஆண்டில் ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர் பசுவம்மைப் பாலை ஒரு சிறுவன் கையில் குத்தி, பெரியம்மையைத் தடுக்கும் வழியைக் கண்டார். பாக்தாத், பஸ்ரா வழியாக வந்த அம்மைப்பால், 1802 ஜூன் 14-ந் தேதி பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்குக் குத்தப்பட்டது. நம் தேசத்தில் அதுவே முதல். அக்குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலே பிறருக்கும் குத்தப்பட்டது. பிற்காலத்தில் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் இம்மாகாணத்துக்கு அம்மைப்பால் தயாரித்தது.

அன்றைக்கும் பயந்து ஓடினவர்கள் உண்டு. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் பிள்ளைகளை ஒளித்துவைத்த வீடுகள் ஏராளம். முடிவு என்ன? 1975-ம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை கண்டவர் இல்லை. 1980-ல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. முதியவர்களின் புயத்திலே வட்டத் தழும்பு தெரிகிறதே, அது அந்த வெற்றியின் முத்திரை. அதேபோல் போலியோ சொட்டு மருந்தினால், 2011 ஜனவரிக்குப் பின் நம் நாட்டில் இயற்கைப் போலியோக் கிருமியால் கால் முடங்கிய குழந்தை ஒன்றும் இல்லை.

5. கொரோனா நாட்களில் நடந்தது

2021 ஜனவரி 16-ந் தேதி நம் நாட்டில் கொரோனா ஊசி தொடங்கியது. முதலில் மருத்துவ ஊழியர், பிறகு முதியோர், மே மாதம் முதல் 18 வயதுக்கு மேற்பட்டோர் அனைவர் என்று வரிசை விரிந்தது. தொடக்கத்தில் தமிழ்நாட்டில் தயக்கம் மிகுதி. அவ்வேளையில், நம் கோவில்பட்டி மண்ணைச் சேர்ந்த நடிகர் விவேக், ஏப்ரல் 15-ந் தேதி பிறருக்கு ஊக்கமளிக்கப் பகிரங்கமாக ஊசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பினால் மரித்தார். "ஊசிதான் கொன்றது" என்ற பேச்சு பரவிப் பலர் பின்வாங்கினார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அம்மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அவ்வருஷ அக்டோபரில் முடிவு சொல்லிற்று. அதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. மே மாதத்தில் ஒரே நாளில் 36,000-க்கு மேற்பட்டோருக்கு நம் மாநிலத்தில் நோய் கண்டது. வதந்தி ஒரு நாளில் ஊரைச் சுற்றுகிறது. உண்மை ஆறு மாதம் கழித்து வந்து சேருகிறது. ஆதலால், உறுதியறியாத செய்தியைப் பிறருக்கு அனுப்புவது எட்டாம் கற்பனைக்கு அடுத்த காரியம் என்பதை மறவாதிருப்போம்.

2020, 2021-ம் வருஷங்களில் பனிமய மாதா திருநாள் ஜனத்திரளின்றி நடந்ததையும் நினைவுகூருங்கள். மாதாவின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஜெபித்தார்கள். அதுவும் ஓர் ஒறுத்தல் முயற்சியே.

6. சில சந்தேகங்களும் விடைகளும்

கேள்வி: ஊசி போட்டவர்களுக்கும் நோய் வந்ததே?

விடை: வந்தது. கொரோனா ஊசி தொற்றையே முழுதும் தடுக்கும் அரண் அன்று. கிருமி வருமுன்னே அதை அடையாளம் காண உடலைப் பழக்குகிறது. ஆகையால் நோய் கடுமையாகி மரணம் நேரிடுவது வெகுவாய்க் குறைகிறது.

கேள்வி: ஊசியால் தீங்கே இல்லையா?

விடை: கைவலி, காய்ச்சல், அசதி ஓரிரு நாள் இருப்பது வழக்கம. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தக்கட்டு ஏற்பட்டதும் உண்மையே. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் நோய் கொண்டுபோன உயிர்களோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து மிகச் சொற்பம். ஒவ்வாமை அல்லது வேறு வியாதியுள்ளவர் வைத்தியரிடம் முன்னரே சொல்ல வேண்டும்.

கேள்வி: சில ஊசிகள் கருக்கலைப்போடு சம்பந்தப்பட்டவை என்கிறார்களே?

விடை: பல வருஷங்களுக்கு முன் கலைக்கப்பட்ட கருவிலிருந்து வழிவழியாக வளர்த்த அணுக்களைக் கோவிஷீல்டு போன்ற ஊசிகளின் தயாரிப்பில் உபயோகித்தார்கள். கோவாக்சினோ குரங்கின் அணுக்களில் தயாரானது. இதைக் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21-ந் தேதி விளக்கம் தந்தது. குற்றமற்ற வேறு ஊசி கிடையாதபோது இவற்றைப் போட்டுக்கொள்வது பாவமன்று. அதனால் கருக்கலைப்புக்கு உடன்பட்டதாகாது என்பதே அதன் தீர்ப்பு. ஆயினும் மாசற்ற முறையில் மருந்து தயாரிக்கும்படி கேட்பது நம் கடமை.

கேள்வி: போட்டுக்கொள்ளத் திருச்சபை கட்டாயப்படுத்துகிறதா?

விடை: இல்லை. அது மனச்சாட்சியின்படி, சுய சம்மதத்தோடு செய்ய வேண்டியது என்று அதே விளக்கம் கூறுகிறது. ஆனால் மனச்சாட்சி பொதுநன்மையையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேண்டாமென்பவர் தம்மால் பிறருக்கு நோய் பரவாதபடி மற்ற எல்லா வழிகளையும் கைக்கொள்ளக் கடமைப்பட்டவர். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் தாமே ஊசி போட்டுக்கொண்டு, 2021 ஆகஸ்டில் அதைச் சிநேகச் செயல் என்றே போதித்தார்.

7. அடுத்த அலை வந்தால்?

துறைமுகத்தில் 1-ம் எண் புயல் கூண்டு ஏறினால் நாம் என்ன செய்கிறோம்? ஊரைவிட்டு ஓடுவதில்லை, கூண்டைப் பார்க்காததுபோல் ஆழ்கடலுக்குப் போவதுமில்லை. வலையையும் வள்ளத்தையும் கரையேற்றிக் கட்டிவிட்டு, அடுத்த அறிவிப்பைக் கவனிக்கிறோம். நோய்ச் செய்தி வரும்போதும் இந்த விவேகமே போதும்.

காய்ச்சலும் இருமலும் உள்ளவர் ஞாயிறு பூசைக்கு வராமலிருப்பது பாவமல்ல; நோயுள்ளவரை அக்கடன் கட்டாது. வீட்டுக்கு நன்மை கொண்டுவரும்படி பங்குச் சாமியாருக்குச் சொல்லியனுப்பலாம். கொரோனா ஊசி இனி யாருக்குத் தேவை என்பதை, விசேஷமாய் முதியோரும் நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களும், தங்கள் வைத்தியரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்குரிய ஊசிகளை ஒருபோதும் தவறவிடலாகாது: பிறந்தவுடன் பி.சி.ஜி., பின் 6, 10, 14 வாரங்களில், பின் 9-ம் மாதத்தில் தட்டம்மைக்கு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம்.

இவ்வாரத் தீர்மானங்கள்

முதலாவது: நம் வீட்டுக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்போம், தவறிய ஊசி இருந்தால் இம்மாதமே போடுவோம்.

இரண்டாவது: நம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு முதியவரைச் சந்தித்து, வைத்தியரிடம் போக அவருக்குத் துணை தேவையா என்று விசாரிப்போம்.

மூன்றாவது: மருந்தைப்பற்றி வரும் செய்தியை வைத்தியர் ஒருவரிடம் கேட்டறியாமல் பிறருக்கு அனுப்பமாட்டோம்.

கொரோனாவில் மரித்த நம் பங்கு மக்களின் ஆத்துமங்களுக்காக இவ்வாரம் ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒப்புக்கொடுப்போம். தோணியிலிருக்கும் நாம் நம் சகோதரரின் கயிற்றை விடாமல் பிடித்திருக்க, நோயாளிகளின் ஆரோக்கியமாகிய தேவதாய் நமக்காக வேண்டிக்கொள்வாராக.