பக்லவாவுக்குத் தேன் எதற்கு?

“துருக்கிப் பக்லவா என்றால் தேனில் ஊறியது.” மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் பக்லவா செய்ய இறங்குகிறவர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். நல்ல தேன் அரை பாட்டில் வீணாகிறது. உண்மையில், 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற, துருக்கியின் காஸியான்தெப் பக்லவாவுக்கு இனிப்பு தருவது சர்க்கரைப் பாகு. தேன் சேர்ப்பது பெரும்பாலும் கிரேக்க வழக்கம்.

வெளிநாட்டுப் பலகாரமாயிற்றே என்று நெய்யை ஒதுக்கிவிட்டுக் கடை வெண்ணெயை உருக்கித் தடவுவது அடுத்த தவறு. துருக்கியரே வெண்ணெயை உருக்கித் தெளிவித்துத்தான் ஊற்றுகிறார்கள். கடை வெண்ணெயில் 16 சதவீதம் வரை நீர் உண்டு. அந்த நீர் பக்லவாவின் மாவுத் தாள்களை ஒட்டவைக்கும். வெண்ணெயிலுள்ள பால்கசடு அடுப்புச் சூட்டில் கருகும். ஆகவே நம் நெய்யே சரி. முருங்கையிலை போட்டுச் சிவக்கக் காய்ச்சியது மட்டும் வேண்டாம்; அந்த மணம் பிஸ்தாவை அமுக்கிவிடும். இளம்பதத்தில் இறக்கிய நெய் போதும்.

தாளுக்குப் பதில் சமோசாப் பட்டி ஆகுமா? ஆகாது. பட்டி ஏற்கெனவே கல்லில் அரைவேக்காடாக வாட்டப்பட்டது. விறைக்குமே தவிர உதிராது. உறைநிலையில் விற்கும் ஃபிலோ தாளை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவைத்து, மறுநாள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். கையால் இடுவதும் எட்டாத வித்தை அல்ல. பதிர்பேணிக்கும் மராத்தி வீடுகளின் சிரோட்டேவுக்கும் அடுக்குகளுக்கு நடுவே நெய்யும் மாவும் குழைத்துத் தடவுகிறோம், அடுக்குகள் பிரியட்டும் என்று. துருக்கியில் அதே வேலையைக் கோதுமை ஸ்டார்ச் செய்கிறது: வட்டங்களுக்கு இடையில் தூவி, பல வட்டங்களை ஒன்றாக அடுக்கி, மெல்லிய நீளக் குழவியால் ஒரே மூச்சில் தேய்க்கிறார்கள். சோளமாவு தூவியும் செய்யலாம்.

பெரும்பாலோர் சறுக்குவது பாகில்தான். கம்பிப் பதம் வந்தால்தான் நிற்கும் என்று காய்ச்சினால், பாகு மேலேயே உறைந்து சர்க்கரை பூத்துவிடும். குலாப் ஜாமூனுக்கு வைப்போமே, விரலில் பிசுபிசுக்கும் பதம், அதுவே இங்கேயும் வேண்டும். இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அமிலம் சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என உடைப்பதால் பாகு மறுபடி கட்டி தட்டாது. தட்டும் பாகும் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஊற்றுவது காஸியான்தெப் கைவினைஞர் வழி; அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். வீட்டில் பாகை ஆறவிட்டு, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு தட்டில் ஊற்றுவதே பத்திரம். சர்ரென்று சத்தம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் தட்டு ஆறிவிட்டது என்று அர்த்தம். துண்டு போடுவது மட்டும் வேகவைக்கும் முன்பே. வெந்தபின் கத்தி வைத்தால் அடுக்கு நொறுங்கும். ஊற்றியதும் மூடாதீர்கள், ஆவி அடித்து மொறுமொறுப்பு போய்விடும்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து அடுக்கு கெட்டிப்படும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் மட்டும் அளவாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

பிஸ்தா இல்லாமல் பக்லவாவா என்று தயங்கவும் வேண்டாம். துருக்கியிலேயே பல வீடுகளில் அக்ரூட்தான். கருங்கடல் பக்கம் ஹேசல் பருப்பு. தாராவியில் ரம்ஜானுக்கு ஒரு தட்டு செய்ய நினைப்பவர்கள் காஷ்மீர் அக்ரூட்டை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தாராளமாகப் போடலாம். தோலோடு விற்கும் உப்புப் பிஸ்தாவை மட்டும் தொடாதீர்கள்.