படத்தின் எல்லை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையை விரித்துரைக்கும் அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. நிழற்படக் கருவியுடன் அங்கு வருவோர் பெரும்பாலும் எழுத்துகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். எழுத்தின்மீது விரலை ஓட்டிப் படிக்க முயலும் முதியவரும், அவர் தோளைப் பற்றி எட்டிப் பார்க்கும் சிறுமியும் அவர்கள் கண்ணிற் படுவதில்லை. பட்டாலும், "இப்படித் திரும்பி நில்லுங்கள்" என்பர். முதியவர் துண்டைச் சரிசெய்துகொள்வார். சிறுமி விறைத்து நிற்பாள். முன்னிருந்த காட்சி அக்கணமே மறைந்தொழியும்.

அழைக்காமலும் நிறுத்தாமலும், உள்ளதை உள்ளபடி எடுப்பதே இயல்புப் படம். விரலும் எழுத்தும் ஒருங்கே தெரியுமாறு ஓரடி நகர்ந்து நிற்க வேண்டும். பின்னாலுள்ள தூண் முதியவரின் தலையில் முளைத்ததுபோல் தோன்றாதவாறு சற்றே குனிய வேண்டும். முகம் நோக்கும் திசையில் சிறிது வெற்றிடம் விடுதல் நன்று. இவற்றை எண்ணிப் பார்க்கப் பொழுது இராது, பழக்கமே துணை.

எடுத்த பின்னர் ஓரங்களை வெட்டிச் சீர்செய்யலாமே எனின், அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. ஏரிப் பாசன வயலொன்றில் பெண்டிர் நாற்று நடுகின்றனர் எனக் கொள்வோம். வரப்பின்மீது ஒருவர் குடை பிடித்து நிற்கிறார். குடையை வெட்டி நீக்கினால், சுவரில் மாட்டும் நாட்காட்டிக்கு ஏற்ற அழகிய படம் கிடைக்கும். குடை இருந்தாலோ, உச்சி வெயிலும் அப்பெண்டிரின் வளைந்த முதுகும் வேறொன்றைப் பேசும். பொய்யாக எதுவும் சேர்க்கப்படவில்லை. எனினும் முதற்படம் மெய் முழுவதையும் கூறவில்லை.

பிரெஞ்சு நாட்டு நிழற்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரசோன் (1908–2004) வெட்டுவதை விரும்பாதவர். லைக்கா என்னும் சிறு கருவியைக் கையிலேந்தி, பிறர் கவனத்தைக் கவராமல் நடமாடுவது அவர் வழக்கம். 1950 ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக்கு வந்து, இரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் படமெடுத்தார். கருவியின் சாளரத்தில் காட்சியை அமைக்க இயலாதவன் இருட்டறையில் அதனை அமைத்துவிட முடியாது என்பது அவர் கொள்கை.

ஆயினும், அவர் புகழை உலகெங்கும் பரப்பிய படமே வெட்டப்பட்டதுதான்! 1932 ஆம் ஆண்டில் பாரிசு நகர இரயில் நிலையமொன்றின் பின்புறம், தேங்கிய நீரை ஒருவர் தாண்டுவதை வேலியின் இடுக்கு வழியே எடுத்தார். இடுக்கு குறுகியது; வேலிப் பலகை படத்தின் ஓரத்தை மறைத்துவிட்டது. அப்பகுதியை நீக்கினார். பலகை போனதால் தாண்டுகின்ற மனிதரைப் பற்றிய செய்தி யாதும் குறையவில்லை. குடையை நீக்குவது அத்தகையதன்று.

அவருடைய பிற்காலப் படங்கள் பலவற்றைச் சுற்றி மெல்லிய கருங்கோடு ஒன்று காணப்படும். அஃது அலங்காரமன்று, படச்சுருளின் விளிம்பு. நான்கு புறமும் எதுவும் வெட்டப்படவில்லை என்பதை அக்கோடு காட்டும்.