அளவறிந்த அதிகாரம்

நுழையும்முன்

மென்பொருளை நிறுவும்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கணினி கேட்பதைக் கண்டிருப்போம். அக்கடவுச்சொல்லால் நாம் வழங்குவது எது? அதனை எப்போது வழங்குதல் தகும்? மூலநிரலிலிருந்து தொகுப்பு மேலாளரை உருவாக்கும் பணியின்வழி இதனை அறிவோம்.

எல்லையற்ற பயனர்

லினக்ஸ் இயக்க அமைப்பில் மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் நீக்கவும் உதவும் மென்பொருளே தொகுப்பு மேலாளர். இவ்வமைப்பில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் உரிமையாளர் உண்டு. படித்தல், எழுதுதல், இயக்குதல் என அனுமதிகள் மூவகைப்படும். 'ரூட்' எனப்படும் நிர்வாகிக்கு இவ்வரம்புகள் பெரும்பாலும் பொருந்தா. அவர் பெயரில் இயங்கும் நிரலுக்கும் அதே அதிகாரம் கிட்டும்.

மூன்று படிகள்

மூலநிரலிலிருந்து உருவாக்கும் பணி பெரும்பாலும் மூன்று படிகளைக் கொண்டது. 'கான்ஃபிகர்' என்னும் முதற்படி, தேவையான கருவிகள் கணினியில் உள்ளனவா எனச் சோதிக்கிறது. 'மேக்' என்னும் இரண்டாம் படி, மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றுகிறது. இவ்விரண்டும் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே நிகழக்கூடியவை. ஆதலால் நிர்வாகி அனுமதி தேவையில்லை. 'மேக் இன்ஸ்டால்' என்னும் மூன்றாம் படியே உருவான கோப்புகளைக் கணினியின் பொதுக் கோப்புறைகளில் சேர்க்கிறது. அங்கு எழுதுவதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும். 'சூடோ' என்னும் கட்டளை, அந்த ஒரு பணிக்கு மட்டும் அவ்வதிகாரத்தை அளிக்கிறது.

தொடக்கம் முதலே ரூட் அதிகாரத்துடன் பணியாற்றினால் என்ன நேரும்? நிரலில் ஒரு கோப்புறையின் பெயர் பிழையாக அமைந்திருந்தால், பிறருடைய கோப்புகளும் தடையின்றி அழியலாம். உருவாகும் கோப்புகள் ரூட்டின் உடைமையாகிவிடும். மறுநாள் சாதாரணப் பயனராகப் பணியைத் தொடர்ந்தால், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்னும் செய்தியே எஞ்சும்.

கீக்ஸ் காட்டும் வழி

குனூ திட்டத்தின் 'கீக்ஸ்' என்னும் தொகுப்பு மேலாளர் இச்சிக்கலை நுட்பமாகக் கையாள்கிறது. அதனை அமைக்கும் ஒரு முறையில், பின்னணிச் சேவை ரூட் அதிகாரத்துடன் இயங்கும். ஆயினும் தொகுப்புகளை உருவாக்கும் பணியை அச்சேவை தானே செய்வதில்லை. அதற்கெனவே ஏற்படுத்தப்பட்ட, அதிகாரம் குறைந்த பயனர் கணக்குகளிடம் ஒப்படைக்கிறது. அக்கணக்குகளை உருவாக்க, தொடக்கத்தில் ஒருமுறை நிர்வாகியின் துணை தேவை. அதன்பின் சாதாரணப் பயனர்கள் தமக்கு வேண்டிய மென்பொருள்களை நிர்வாகியை நாடாமலே நிறுவிக்கொள்ளலாம். அதிகாரம் உடையதே அதனைத் தேவையற்ற இடத்தில் பயன்படுத்தாது விலகி நிற்பது இவ்வமைப்பின் சிறப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

ஒவ்வொரு நிரலும் தன் பணிக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்க வேண்டும் என்பது 'குறைந்தபட்ச அதிகாரக் கொள்கை'. கணினிப் பாதுகாப்பு குறித்து 1975ஆம் ஆண்டு சால்ட்சர், ஷ்ரோடர் ஆகிய இருவர் எழுதிய கட்டுரை, இதனை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக எடுத்துரைத்தது.

கற்பவை கற்றபின்...

1. மூன்று படிகளுள் நிர்வாகி அனுமதி வேண்டுவது எது? காரணம் தருக.
2. ரூட் அதிகாரத்துடன் 'மேக்' கட்டளையை இயக்குவதால் விளையும் இடர்கள் இரண்டினை எழுதுக.
3. பயனர் தம் சொந்தக் கோப்புறையிலேயே மென்பொருளை நிறுவினால் நிர்வாகி அனுமதி தேவைப்படுமா? வகுப்பில் கலந்துரையாடுக.