காற்றை எங்கே அளந்தார்கள்?
ஆய்வுச் செய்திகளை விளங்கிக்கொள்வோம்



தொய்வு நோய் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் எமது குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பெரிய வீதியோரம் இருக்கிறோம், வீடு மாறத்தான் வேண்டுமோ?" ஒருநாள் பத்திரிகையில் வாகனப்புகை ஆபத்து என்று வரும். இன்னொரு நாள், ஆய்வில் பெரிய தாக்கம் தெரியவில்லை என்று வரும். எதை நம்புவது? இதற்குப் பதில் தேடுமுன், ஆய்வாளர்கள் காற்றை எப்படி அளக்கிறார்கள், அதில் எங்கே பிழை நுழைகிறது என்று அறிவது நல்லது.

எமது ஊரிலிருந்தே தொடங்குவோம். ஹனோவர் லிண்டன் பகுதியிலுள்ள கோட்டிங்கர் வீதியைப் பலரும் அறிவோம். இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள், நடுவே ஓயாத வாகனங்கள். இங்கே வீதி மட்டத்திலும், அருகிலுள்ள உயரமான கட்டடத்தின் கூரையிலும் காற்று அளக்கப்பட்டு, ஆய்வுகளுக்குப் பயன்பட்டிருக்கிறது. வீதியில் புகை அதிகம், கூரையில் குறைவு. அதுமட்டுமல்ல, கூரைகளுக்கு மேலால் வீசும் காற்று வீதிக்குள் சுழன்று இறங்கிப் புகையை ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே எதிரெதிர் வீடுகளில் இருப்பவர்கள்கூட ஒரே காற்றைச் சுவாசிப்பதில்லை. முற்றத்துப் பக்க அறையில் தூங்கும் பிள்ளையின் நிலையும் வேறு.

ஆனால் பல ஆய்வுகளில் நிலையத்தின் ஒரே எண்தான் ஊரில் உள்ள எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது. இப்படி வரும் பிழைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுப்பதால் வருவது. சிலருக்கு உண்மை அளவு கூட, சிலருக்குக் குறைவு. சராசரி ஏறத்தாழச் சரியாக இருந்தால், தாக்கத்தின் அளவு பெரிதாக மாறாது. ஆனால் முடிவின் நிச்சயம் குறையும்.

இரண்டாவது, ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்தும் அந்த அளவு தடுமாறுவது. வைத்தியரிடம் போய் ஒருமுறை பிரஷர் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். படியேறிப் போன களைப்பில் கூடக் காட்டும். அதனால்தான் வைத்தியர் 24 மணிநேரக் கருவியைக் கட்டி அனுப்புகிறார். புகையும் அப்படியே. ஒருநாள் அளவு ஒரு வருடத்தைச் சொல்லாது. இந்தத் தடுமாற்றம் உண்மைத் தாக்கத்தைத் தேய்த்துக் காட்டும். உதாரணத்துக்கு, அளந்த எண்களின் பரவலில் பாதி தடுமாற்றத்தால் வந்தது என்றால், உண்மையில் 10 பங்கான தாக்கம் 5 பங்காகவே தெரியும்.

மூன்றாவது, நோயோடு சேர்ந்து வரும் பிழை. பிள்ளைக்குச் சுகமில்லாத தாய், வீட்டில் எப்போதெல்லாம் புகை வந்தது என்று மற்றவர்களைவிடக் கூடுதலாக நினைவு வைத்திருப்பார். அப்போது தாக்கம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியலாம்.

இதற்கு என்ன செய்கிறார்கள்? ஒரு பகுதியினரை மட்டும் பலமுறை அளந்து, தடுமாற்றம் எவ்வளவு என்று கண்டு, முழு ஆய்வின் முடிவையும் திருத்துவார்கள். வீதி, வாகன எண்ணிக்கை போன்றவற்றை வைத்து ஒவ்வொரு முகவரிக்கும் தனியாகக் கணிப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது, கருவியை ஆளின் உடலிலேயே அணியவைப்பது.

இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணித் தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பங்களிப்போடு நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்புக் கொடுத்தார்கள், மற்றவர்கள் விறகடுப்பிலேயே சமைத்தார்கள். தாய்மார் கர்ப்ப காலத்தில் மூன்று முறை, 24 மணிநேரம் கருவி அணிந்தார்கள். முடிவு 2022 இல் வெளிவந்தது. விறகடுப்பில் ஒரு கனமீற்றர் காற்றில் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள், எரிவாயுவில் சுமார் 24. ஆனால் பிறந்த குழந்தைகளின் நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உடலிலேயே அளந்ததால், "புகை குறையவில்லையோ" என்று இங்கே சாட்டுச் சொல்ல முடியாது. நன்றாக அளந்த ஆய்வு தரும் "வேறுபாடில்லை" என்ற பதிலுக்குப் பெறுமதி உண்டு. ஒரேயொரு நிலையத்தை நம்பிய சிறிய ஆய்வு தரும் அதே பதிலுக்கு அவ்வளவு பெறுமதி இல்லை.

வீட்டில் மலிவான கருவி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். இவை துகள்களில் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்தே கணக்கிடுகின்றன. பனிமூட்டமான ஈரநாட்களில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுவதால் எண் கூடக் காட்டும். ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், சில வாரங்களின் போக்கைப் பாருங்கள்.

ஹனோவரில் 2008 இல் தொடங்கிய சுற்றுச்சூழல் வலயம் 2024 இல் நீக்கப்பட்டது. நைதரசன் ஈரொக்சைட்டுக்கான 40 மைக்ரோகிராம் என்ற வருட சராசரி எல்லைக்குள் அளவுகள் வந்துவிட்டன. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்த அளவு 10. எல்லைக்குள் என்றால் தீங்கே இல்லை என்று பொருளல்ல. நிலையத்தின் எண் உங்கள் பிள்ளையின் அறையின் எண்ணும் அல்ல.

ஆகவே அடுத்தமுறை இப்படியான செய்தியைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கே அளந்தார்கள்? யாருக்காக அளந்தார்கள்? எத்தனை முறை அளந்தார்கள்?

வீடு மாறுவதற்கு முன் செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளையின் படுக்கையை முற்றத்துப் பக்க அறைக்கு மாற்றுங்கள். வாகன நெரிசல் குறைந்த நேரத்தில் யன்னலை அகலத் திறந்து சிறிது நேரம் காற்றோட்டம் விடுங்கள். பொரிக்கும்போதும் தாளிக்கும்போதும் புகைபோக்கியைப் போடுங்கள். சாம்பிராணியை மூடிய அறையில் காட்டாதீர்கள். எந்தச் செய்தியைப் படித்தும் பிள்ளையின் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். அதைப் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரோடு பேசியே முடிவு செய்வோம்.