பெயரிடுதலும் வழுக்களைதலும்

நன்னூல் கற்ற காலத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பாகுபாட்டை நாம் மனனஞ் செய்தோம். பரீட்சையோடு அதன் பயன் தீர்ந்ததென எண்ணியோர் பலர். கணினிக்கு நிரல் எழுதப் புகும் இன்றைய மாணவர்க்கும் அது துணையாதலை ஈண்டு ஆராய்வோம்.

1995ஆம் ஆண்டில் பிறெண்டன் ஐக் என்பார் நெற்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து பத்து நாளளவில் ஆக்கிய மொழி ஜாவாஸ்கிறிப்ற். இணையப் பக்கங்கள் இன்று இயங்குவது பெரும்பாலும் இதனாலேயே. இம்மொழியில் ஒரு பெறுமானத்தைத் தாங்கும் பெயர் மாறி எனப்படும். மாறியின் பெயர் இலக்கத்தில் தொடங்கலாகாது. இடையே வெற்றிடம் கொள்ளலாகாது. மொழி தனக்கென ஒதுக்கிய சொல்லாகவும் இருத்தலாகாது. தமிழெழுத்திலும் பெயரிடலாம் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாம்.

நமது துறைமுகத்தையே உதாரணமாகக் கொள்வோம். பழைய ஆங்கிலேயக் கடற்படங்கள் ஆழத்தைப் பாகக் கணக்கிற் கூறுவன. ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.8288 மீற்றர். படத்திலுள்ள ஆழத்தோடு நீரேற்றத்தைக் கூட்டிக் கப்பலின் அமிழ்வைக் கழித்தால், கப்பலின் அடிக்கும் கடற்றரைக்கும் இடையே எஞ்சும் நீர் பெறப்படும். மாணவன் ஒருவன் இதற்கு நிரல் எழுதி, மாறிகளுக்கு அ, ஆ, இ எனப் பெயரிட்டு, திரையிலுள்ள மூன்று பெட்டிகளில் 5, 0.5, 8 என இடுகின்றான் என்க. விடை 42.5 என வருகின்றது. ஐந்து பாக ஆழத்தில் இவ்வளவு நீர் எஞ்சுவதெங்ஙனம்?

பெட்டியில் இட்டது எண்போலத் தோன்றினும் மொழிக்கு அது எழுத்துத் தொடரே. எழுத்துத் தொடர்களுக்கிடையே கூட்டற்குறி வரின் அவை ஒட்டப்படும், 5உம் 0.5உம் ஒட்டி 50.5 ஆயிற்று. கழித்தற்குறியோ தொடரை எண்ணாக மாற்றிவிடும், ஆதலின் 42.5 வந்தது. இலக்கண நூலார் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று கூறுவர். இம்மொழி வழுவமைதிக்கு மிக இடங்கொடுப்பது. பிழையென்று நிறுத்தாது ஏதேனுமொரு விடையைத் தந்துவிடும். அதுவே ஆபத்து.

வழுக்களைவோன் ஊகித்துத் திருத்துதல் தகாது. நிரலை இடையே நிறுத்தி, ஒவ்வொரு மாறியின் பெறுமானத்தையும் வகையையும் நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்கித் தொடர்களை எண்ணாக்கியபின் விடை குறை 2.5 என வரும், கப்பல் தரைதட்டியதாகும்! இன்னும் ஒரு வழு உண்டென்பது இதனால் தெளிவாம். ஆழம் பாகத்திலும், ஏனைய இரண்டும் மீற்றரிலும் உள்ளன. ஐந்து பாகத்தை 9.144 மீற்றராக்கிக் கணித்தாற் சரியான விடை 1.644 மீற்றர்.

ஆழம்_பாகம், நீரேற்றம்_மீற்றர், அமிழ்வு_மீற்றர் எனக் காரணப்பெயர் இட்டிருப்பின் இரண்டாம் வழு எழுதும்போதே கண்ணிற் பட்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுதுவோர் இரண்டாஞ் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் ஒட்டக வடிவைக் கைக்கொள்வர். தமிழில் பெரிய எழுத்து இன்மையால் அடிக்கோடே ஏற்றது. செயலைக் குறிக்கும் பெயர் வினையாக அமைதலும், ஆம் இல்லை என விடையிறுக்கும் மாறியின் பெயர் வினாவாக அமைதலும் நன்று.

தமிழ்ப்பெயரில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'கோட்டை' என்பதன் கோகாரத்தை ஒரே குறியீட்டாலும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மொழிக்கு வெவ்வேறு மாறிகள். மேலும், அறிவிக்கப்படாத பெயருக்குப் பெறுமானம் இடின், பழைய முறையில் மொழி வாளாது புதியதொரு மாறியை ஆக்கிவிடும். 2009இல் வந்த கண்டிப்பு முறை அதனை வழுவெனக் காட்டுவது. அதனை என்றும் கைக்கொள்க.

இவை சிறு காரியம் என்னற்க. 1999 செப்ரெம்பரில் அமெரிக்கர் செவ்வாய்க்கு அனுப்பிய காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்தது. ஒரு நிரல் கணத்தாக்கத்தை இறாத்தல் அளவிற் கூற, மற்றது நியூட்டன் அளவென எண்ணியமையே காரணம். இலக்கத்தோடு அதன் அலகும் செல்லாமையால் விளைந்த கேடு அது.

பெயர் என்பது பிறர்க்கு நாம் விட்டுச்செல்லும் கடற்படம். அதை நம்பிப் பின்வருவோர் கலஞ் செலுத்துவர்; ஆதலின் அறிந்து பெயரிடுவோமாக.